ரிசால்வர் சொற்களை வரையறுப்பது எப்படி: சோதித்துப் பார்க்கக்கூடிய சொற்பட்டியல்

டிஎன்எஸ் என்பது தளப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் அமைப்பு; அந்தத் தேடலை நமக்காகச் செய்வது ரிசால்வர். “டிஎன்எஸ் போச்சு” என்று குழுவில் ஒருவர் எழுதுகிறார். அந்த ஒரு வரிக்குள் குறைந்தது ஐந்து பழுதுகள் ஒளிந்திருக்கலாம். கேட்டவருக்குப் பதிலே வராமல் போயிருக்கலாம். ரிசால்வர் பதில் தர மறுத்திருக்கலாம். பெயரே இல்லாமல் இருக்கலாம். பெயர் இருந்து, கேட்ட வகை ரெக்கார்டு இல்லாமல் இருக்கலாம். பதிலின் டிஜிட்டல் கையொப்பம் காலாவதியாகி ரிசால்வர் அதைத் தூக்கி எறிந்திருக்கலாம். ஐந்துக்கும் பார்க்க வேண்டிய இடம் வேறு, திருத்த வேண்டிய ஆளும் வேறு. சொல் தெளிவாக இருந்தால் பாதித் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

டிஎன்எஸ்-இன் அடிப்படை ஆவணங்களான ஆர்எஃப்சி 1034, 1035 இரண்டும் 1987 நவம்பரில் வந்தவை. எழுதியவர் பால் மொக்கபெட்ரிஸ். சொற்களுக்கென்றே ஓர் ஆவணம் வர 2015 வரை ஆனது, அது ஆர்எஃப்சி 7719. பிறகு 2019-இல் 8499, 2024-இல் 9499 என்று இருமுறை திருத்தி எழுதினார்கள். ஒரே சொல்லுக்குக் காலப்போக்கில் இரண்டு மூன்று பொருள் சேர்ந்துவிட்டதை அந்த ஆவணமே பல இடங்களில் ஒப்புக்கொள்கிறது. உங்கள் குழுவின் சொற்பட்டியலுக்கு 9499-ஐ அடித்தளமாக வையுங்கள். ஆனால் அதை அப்படியே நகலெடுத்தால் போதாது. இரவு இரண்டு மணிக்குப் பழுது பார்ப்பவருக்குத் தேவைப்படுவது கட்டளை தட்டிச் சரிபார்க்கக்கூடிய வரையறை.

ஒவ்வொரு சொல்லையும் இந்த வரிசையில் எழுதுங்கள். முதலில், அது பங்கா, செய்தியா, நிலையா என்று சொல்லுங்கள். அடுத்து, யார் யாரிடம் என்ன செய்கிறார் என்று ஒரே வாக்கியம். “கேட்கப்படுகிறது”, “அனுப்பப்படுகிறது” என்று செய்பவரை மறைத்து எழுத வேண்டாம், டிஎன்எஸ் குழப்பத்தில் பாதி அங்கேதான் பிறக்கிறது. பிறகு எந்தக் கட்டளையில் எந்த அடையாளம் தெரிந்தால் இது உறுதி என்பது. கடைசியாக, இதோடு குழம்பும் பக்கத்துச் சொல். சோதனை எழுத முடியாத சொல்லைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

சோதனைக்கு, கேள்வி அனுப்பிப் பதிலைக் காட்டும் டிக் என்ற கருவி போதும். டெபியன், உபுண்டுவில் பைண்ட்9-டிஎன்எஸ்யூட்டில்ஸ் பொதியில் கிடைக்கும். கட்டளைகளையும் கொடிகளையும் (செய்தியில் உள்ள 0/1 குறிகள்) இங்கே ஒலிப்படி எழுதியிருக்கிறோம்; திரையில் அவை ஆங்கில எழுத்தில் வரும்.

பங்குகள்: மென்பொருளின் பெயரை எழுதாதீர்கள்

பைண்ட் என்பது மென்பொருள். அது ரிசால்வராகவும் ஓடும், பெயர்களின் மூலப் பதிவை வைத்திருக்கும் அத்தாரிட்டேட்டிவ் சர்வராகவும் ஓடும், இரண்டாகவும் சேர்ந்தே ஓடும். “பைண்ட் பதில் தரவில்லை” என்று எழுதினால் எந்தப் பங்கில் பிழை என்று தெரியாது. அதனால் பங்கின் பெயரை எழுதுங்கள்.

ஸ்டப் ரிசால்வர் என்பது உங்கள் கணினிக்குள் இருக்கும் சிறு பகுதி. அது தானாக எங்கும் தேடிப் போகாது. பட்டியலில் உள்ள ரிசால்வரிடம் ஆர்டி கொடியை 1 என வைத்துக் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். லினக்ஸில் க்ளிப்சி என்ற அடிப்படை நூலகம் இதற்கான பட்டியலை ரிசால்வ்.கான்ஃப் கோப்பிலிருந்து எடுக்கிறது. அதில் மூன்று நேம்சர்வர் வரிகளைத்தான் படிக்கும். நான்காவதாக எழுதியதற்குப் பயனில்லை. ஒரு சர்வருக்கு 5 வினாடி காத்திருக்கும், மொத்தம் 2 சுற்று முயலும். முதல் வரியில் இருப்பது செத்துப்போன சர்வர் என்றால் ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் துல்லியமாக 5 வினாடி தாமதம் வரும். “சரியாக 5 வினாடி” என்று யாராவது சொன்னால் வேறு எதையும் பார்க்கும் முன் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள்.

ஸ்டப் பற்றிய வரையறையில் கட்டாயம் சேர்க்க வேண்டிய ஒன்று உண்டு. சர்வ்ஃபெயில் (முயன்றும் முடியவில்லை) அல்லது ரெஃப்யூஸ்ட் (மறுப்பு) வந்தால் க்ளிப்சி அடுத்த சர்வரிடம் போகும். என்எக்ஸ்டொமைன் வந்தால் போகாது. “அந்தப் பெயர் இல்லை” என்பது அதற்கு முழுமையான பதில். இதை அறியாமல் அலுவலக உள் ரிசால்வரை முதல் வரியிலும் கூகுளின் பொது ரிசால்வரான 8.8.8.8-ஐ இரண்டாம் வரியிலும் எழுதுகிறவர்கள் நிறைய. உள் ரிசால்வர் ஒரு நொடி தடுமாறினால் கேள்வி வெளியே போகும், வெளியே இருப்பவருக்கு உள் பெயர் தெரியாது, என்எக்ஸ்டொமைன் வரும், பயன்பாடு அதை நம்பிவிடும். பட்டியலில் உள்ள எல்லாச் சர்வர்களும் ஒரே பதிலைத் தருபவையாக இருக்க வேண்டும். இது விருப்பத் தேர்வு அல்ல.

127.0.0.53 என்ற முகவரியைப் பார்த்தால் அது சிஸ்டம்டி-ரிசால்வ்டு. அதையும் ஸ்டப் என்றே அழைக்கிறார்கள், ஆனால் அது பழைய பதில்களின் சேமிப்பு (கேஷ்) வைத்துக்கொண்டு மேலே அனுப்பும் தனிச் செயலி. பட்டியலில் இதற்கு வேறு பதிவு எழுதுங்கள்.

முழு ரிசால்வர் என்பது பெயர் மரத்தின் உச்சியான ரூட்டிலிருந்து தொடங்கித் தானே ஒவ்வொரு படியாக இறங்கிப் பதிலைக் கண்டுபிடிப்பது. ரிகர்சிவ் ரிசால்வர் என்ற பெயர்தான் அதிகம் புழங்குகிறது. தொடங்கும்போது அதன் கையில் இருப்பது 13 ரூட் பெயர்களும் முகவரிகளும் கொண்ட சிறு கோப்பு மட்டும். அதில் ஒரு முகவரியிடம் “ரூட்டின் நேம்சர்வர்கள் யார்” என்று கேட்டுப் பட்டியலைப் புதுப்பித்துக்கொள்ளும். இதற்கு ப்ரைமிங் என்று பெயர். அந்தப் பட்டியலின் ஆயுள் 518400 வினாடி, அதாவது ஆறு நாள்.

ஃபார்வர்டர் என்ற சொல்தான் இந்தப் பட்டியலிலேயே மோசமானது. ஆர்எஃப்சி 2308 படி, கேள்விகள் யாரிடம் அனுப்பப்படுகின்றனவோ அந்த மேல் சர்வர்தான் ஃபார்வர்டர். பைண்ட் அமைப்புக் கோப்பில் ஃபார்வர்டர்ஸ் பகுதியும் அந்தப் பொருளில்தான் இருக்கிறது. ஆனால் டிஎன்எஸ்மாஸ்க் போன்றவை தங்களையே ஃபார்வர்டர் என்கின்றன, அதாவது அனுப்புகிறவர். ஒரே சொல் கம்பியின் இரண்டு முனைக்கும் பெயராகிவிட்டது. இதைச் சீர்செய்ய முயல வேண்டாம்; சொல்லையே விலக்குங்கள். “மேலே அனுப்பும் ரிசால்வர்”, “மேல் ரிசால்வர்” என்று இரண்டு தனிப்பெயர் வைத்தால் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

உங்கள் ரிசால்வர் தானே தேடுகிறதா, மேலே அனுப்புகிறதா என்று உறுதி செய்ய, அதன் வெளிப்பக்கக் கார்டில் டிசிபிடம்ப் என்ற பாக்கெட் பார்க்கும் கருவியை வைத்து 53-ஆம் போர்ட்டைப் பாருங்கள். கேள்வி எண்ணை ஒட்டி + குறி இருந்தால் ஆர்டி 1. எல்லாக் கேள்வியும் ஒன்றிரண்டு முகவரிக்கே + குறியோடு போனால் அது மேலே அனுப்புகிறது. பல முகவரிகளுக்கு + இல்லாமல் போனால் தானே தேடுகிறது. டிஎல்எஸ் வழியே 853-ஆம் போர்ட்டில் மேலே அனுப்பினால் 53-இல் எதுவும் தெரியாது. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

பைண்டில் இரண்டும் கலந்த நிலையும் உண்டு. ஃபார்வர்ட் ஃபர்ஸ்ட் என்றால் மேல் ரிசால்வர் கைவிட்டதும் தானே தேடப் போகும். ஃபார்வர்ட் ஒன்லி என்றால் போகாது. எதுவும் எழுதாவிட்டால் ஃபர்ஸ்ட்தான். உள் பெயர்களுக்கு மேல் ரிசால்வரை நம்பியிருப்பவர்கள் ஒன்லி என்று எழுத வேண்டும். இல்லையென்றால் அது தடுமாறும் நேரத்தில் உங்கள் உள் பெயர்கள் ரூட் வரை கசியும்.

தேடல், கேள்வி: எண்ணும் முன் இடத்தைச் சொல்லுங்கள்

“நிமிடத்துக்கு இத்தனை கேள்வி” என்ற எண்ணுக்கு, எங்கே எண்ணினோம் என்று சொல்லாமல் பொருளில்லை. உலாவி ஒரு பெயரைத் தேடுகிறது: இது ஒரு தேடல். ஸ்டப் அதற்கு ஏ (ஐபிவி4 முகவரி), ஏஏஏஏ (ஐபிவி6 முகவரி) என இரண்டு கேள்வி அனுப்பும். சர்ச் பட்டியல் (பெயரோடு ஒட்டிப் பார்க்கும் பின்னொட்டுகள்) இருந்தால் இன்னும் பெருகும். குபர்னெட்டிஸ் பாடுகளில் (கன்டெய்னர் தொகுதிகளில்) என்டாட்ஸ் மதிப்பு 5 என வருவதால், ஐந்துக்குக் குறைவான புள்ளி உள்ள வெளிப்பெயர் எல்லாமே முதலில் சர்ச் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பின்னொட்டோடும் சேர்த்துக் கேட்கப்படும். மூன்று பின்னொட்டு என்றால், சரியான பெயரையும் சேர்த்து நான்கு பெயர், தலா இரண்டு வகை, எட்டுக் கேள்வி. அவற்றில் ஆறு என்எக்ஸ்டொமைனில் முடியும். கண்காணிப்புப் பலகையில் என்எக்ஸ்டொமைன் மலைபோல் குவிந்திருந்தால் தாக்குதல் என்று பதறும் முன் இதைப் பாருங்கள். பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வைத்தால் அது முழுப்பெயர். சர்ச் பட்டியல் தொடாது.

ரிகர்ஷன்: ஒரு சொல், மூன்று வேலை

ஆர்டி கொடி “நீயே முழுப் பதிலைக் கண்டுபிடித்துத் தா” என்ற வேண்டுகோள். ஆர்ஏ கொடி “என்னால் அப்படிச் செய்ய முடியும்” என்ற அறிவிப்பு. உண்மையில் தேடினாரா என்பது மூன்றாவது விஷயம். கேஷிலேயே பதில் இருந்தால் தேடாமலே கொடுத்துவிடுவார். “ரிகர்சிவ் கேள்வி” என்று எழுதும்போது ஆர்டி 1 வைத்த கேள்வி என்று மட்டுமே பொருள் கொள்ளுங்கள். கேள்வியில் இருந்த ஆர்டி பதிலில் அப்படியே திரும்பி வரும், எனவே பதிலில் ஆர்டி இருப்பது எதற்கும் சான்றாகாது. ஆர்ஏ-வைப் பாருங்கள்.

அத்தாரிட்டேட்டிவ் சர்வரிடம் சாதாரணமாக டிக் போட்டால், ரிகர்ஷன் கேட்டீர்கள் ஆனால் கிடைக்கவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரும். புதியவர்கள் அதைப் பிழை என்று எண்ணி டிக்கெட் திறப்பார்கள். பதிலில் ஏஏ (“இந்தப் பெயருக்கு நானே பொறுப்பு” என்ற கொடி) இருந்து ஆர்ஏ இல்லாமல் இருந்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது. +நோரெக்கர்ஸ் சேர்த்துக் கேட்டால் எச்சரிக்கையும் வராது.

இட்டரேட்டிவ் முறை என்பது இதன் மறுபக்கம். முழு ரிசால்வர் ஆர்டி 0 வைத்துக் கேட்கிறது, “எனக்குத் தெரியாது, அவரைக் கேள்” என்ற ரெஃபரலைப் பெற்று அடுத்தவரிடம் போகிறது. டிக்கில் +டிரேஸ் போட்டால் இதே படிகளைத் திரையில் காணலாம். ஒரு பொறி: +டிரேஸ் செய்யும்போது டிக்தான் நேரடியாக நடக்கிறது, உங்கள் ரிசால்வர் அல்ல. டிரேஸ் சரியாக வருவது அத்தாரிட்டி பக்கம் சரி என்பதற்குச் சான்று. ரிசால்வர் சரி என்பதற்குச் சான்று அல்ல.

வெறும் பதில் நான்கு வகை

பயன்பாட்டுக்கு எல்லாமே “முகவரி கிடைக்கவில்லை”தான். திரையில் நான்கும் வேறு.

என்எக்ஸ்டொமைன்: ஸ்டேட்டஸ் என்எக்ஸ்டொமைன், எண் 3. அந்தப் பெயரும் இல்லை, அதன் கீழே எதுவும் இல்லை. 2016-இல் ஆர்எஃப்சி 8020 இதை ஐயமில்லாமல் சொன்னது.

நோடேட்டா: இப்படி ஒரு ஸ்டேட்டஸ் கிடையாது. ஸ்டேட்டஸ் நோஎரர், ஆன்சர் பகுதி காலி, அத்தாரிட்டி பகுதியில் எஸ்ஓஏ, அதாவது ஸோன் என்ற பெயர்ப்பகுதியின் தலைமை ரெக்கார்டு. பெயர் இருக்கிறது, நீங்கள் கேட்ட வகை இல்லை. ஐபிவி6 இல்லாத தளத்துக்கு ஏஏஏஏ கேட்டால் வர வேண்டிய பதில் இதுதான்.

ரெஃபரல்: இதுவும் நோஎரர், ஆன்சர் காலி. ஆனால் அத்தாரிட்டி பகுதியில் எஸ்ஓஏ-வுக்குப் பதிலாக என்எஸ் (பொறுப்பான நேம்சர்வரைக் காட்டும் ரெக்கார்டு), ஏஏ கொடி இல்லை. முழு ரிசால்வரிடம் ஆர்டி 1 வைத்துக் கேட்டு ரெஃபரல் வந்தால் தப்பான கதவைத் தட்டியிருக்கிறீர்கள்.

நான்காவது, வெற்று இடைப்பெயர். அ.ஆ.இ என்ற பெயரில் ரெக்கார்டு இருந்து, ஆ.இ-யில் எதுவும் இல்லாவிட்டால், ஆ.இ வெற்று இடைப்பெயர். அதற்கு நோடேட்டா வர வேண்டும். சில சர்வர்கள் என்எக்ஸ்டொமைன் தருகின்றன. முன்பெல்லாம் ரிசால்வர் ஒவ்வொரு படியிலும் முழுப்பெயரையும் அனுப்பியதால் இந்தப் பிழை வெளியே தெரியவில்லை. க்யூநேம் மினிமைசேஷன் (2021-இன் ஆர்எஃப்சி 9156) வந்தபிறகு, ரூட்டுக்கு ஒரு லேபிள் (புள்ளிகளுக்கு இடைப்பட்ட துண்டு), அடுத்தவருக்கு இரண்டு என்று தேவையான அளவே அனுப்புகிறார்கள். அப்போது நடுவில் வரும் தவறான என்எக்ஸ்டொமைனை நம்பி, கீழே உண்மையாகவே இருக்கும் பெயரையும் இல்லை என்று ரிசால்வர் முடிவு கட்டக்கூடும். “ஒரு ரிசால்வரில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை” என்ற புகாருக்கு இது ஒரு காரணம். திருத்த வேண்டியது அத்தாரிட்டி பக்கம்.

கேஷ், டிடிஎல்: “ப்ரொபகேஷன்” என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்

டிஎன்எஸ் மாற்றம் எங்கும் பரவுவதில்லை. யாரும் யாருக்கும் தள்ளிவிடுவதில்லை. ஒவ்வொரு ரிசால்வரும் தான் வாங்கி வைத்த பழைய பதிலின் ஆயுள் (டிடிஎல், வினாடியில்) முடிந்ததும் மறுபடி வந்து கேட்கிறது, அவ்வளவுதான். “ப்ரொபகேஷனுக்கு 48 மணி நேரம் ஆகும்” என்று வாடிக்கையாளரிடம் சொல்வதைவிட “பழைய பதிலின் டிடிஎல் 3600, அதனால் ஒரு மணி நேரத்துக்குள் கேஷ்கள் தீரும்” என்று சொல்லுங்கள். இரண்டாவதைச் சரிபார்க்கலாம், முதலாவதைச் சரிபார்க்க வழியில்லை. 48 மணி நேரம் என்ற எண்ணுக்கும் வேர் உண்டு: காம் ஸோன் தரும் என்எஸ் ரெக்கார்டுகளின் டிடிஎல் 172800 வினாடி, இரண்டு நாள். நேம்சர்வரையே மாற்றினால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். ஏ ரெக்கார்டு மாற்றத்துக்கு அதைச் சொல்வது தவறு.

கேஷிலிருந்து வந்த பதில் என்பதற்குச் சோதனை: ஒரே கேள்வியைப் பத்து வினாடி இடைவெளியில் இரண்டு முறை கேளுங்கள். டிடிஎல் பத்து குறைந்திருந்தால் கேஷ். இரண்டு முறையும் அதே எண், கூடவே ஏஏ கொடி என்றால் அத்தாரிட்டி நேரில் பேசுகிறது. 8.8.8.8 போன்ற பொது ரிசால்வர்களிடம் டிடிஎல் ஏறியும் இறங்கியும் வரும். ஒரே முகவரியின் பின்னால் பல இயந்திரங்கள், பல கேஷ்கள். அது பழுது அல்ல.

மாற்றம் செய்யும் முறை: இப்போதைய டிடிஎல் 86400 என்றால், மாற்றத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அதை 300-க்குக் குறையுங்கள். அந்த 24 மணி நேரம் காத்திருப்பதைத் தவிர்க்க முடியாது; பழைய 86400-ஐ ஏற்கெனவே வாங்கி வைத்தவர்கள் உங்கள் புதிய 300-ஐ இன்னும் பார்க்கவில்லை. மாற்றம் முடிந்து ஒருநாள் நிலைத்தபின் டிடிஎல்லை உயர்த்துங்கள்.

ரிசால்வர் நீங்கள் எழுதிய டிடிஎல்லை வெட்டவும் செய்யும். பைண்ட் இயல்பாக ஒரு வாரத்துக்கு மேல் எதையும் வைத்துக்கொள்ளாது. அன்பவுண்ட் என்ற ரிசால்வர் மென்பொருளில் உச்சவரம்பு 86400 வினாடி.

இல்லாததையும் கேஷ் செய்கிறார்கள் என்பதுதான் அதிகம் பேருக்கு அடி கொடுப்பது. நெகட்டிவ் கேஷிங், 1998-இன் ஆர்எஃப்சி 2308. “இல்லை” என்ற பதில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதை எஸ்ஓஏ முடிவு செய்கிறது: எஸ்ஓஏ ரெக்கார்டின் டிடிஎல், அதன் கடைசி எண்ணான மினிமம், இரண்டில் எது சிறியதோ அது. புதுப் பெயரை உருவாக்கும் முன்பே “வந்துவிட்டதா” என்று ஆவலில் டிக் போட்டுப் பார்த்தால், அந்த “இல்லை”யை உங்கள் ரிசால்வர் மனதில் வைத்துக்கொள்ளும். அடுத்த நிமிடம் பெயரை உருவாக்கினாலும் அது அசையாது. முதலில் அத்தாரிட்டேட்டிவ் சர்வரிடம் @ போட்டு நேரடியாகக் கேட்டு உறுதி செய்யுங்கள், பிறகுதான் ரிசால்வரிடம் போங்கள்.

இன்னொரு நுணுக்கம்: என்எக்ஸ்டொமைன் பெயருக்கு மொத்தமாகக் கேஷ் ஆகும், நோடேட்டா பெயரும் வகையும் சேர்ந்தே கேஷ் ஆகும். ஏஏஏஏ கேட்டு என்எக்ஸ்டொமைன் வாங்கினால் ஏ, எம்எக்ஸ், டெக்ஸ்ட் எல்லாமே அந்த நேரத்துக்கு இல்லை.

இதைக் கண்ணால் பார்க்க அருமையான ஒரு தமிழ்ப்பெயர் இருக்கிறது. 2007-இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் பன்னாட்டு எழுத்துகளைச் சோதிக்க ரூட்டில் 11 சோதனைப் பெயர்களைச் சேர்த்தபோது, தமிழுக்கு வைத்த பெயர் பரிட்சை. சோதனைத் தளம் உதாரணம்.பரிட்சை. 2013-இல் அவற்றை ரூட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் என்எக்ஸ்டொமைன் வரும், அத்தாரிட்டி பகுதியில் ரூட்டின் எஸ்ஓஏ நிற்கும், அதன் கடைசி எண் 86400. ரூட் சர்வரிடமே கேட்டால் டிடிஎல்லும் 86400. அன்பவுண்டிடம் கேட்டால் 3600-க்கு மேல் போகாது, பைண்டிடம் 10800-க்கு மேல் போகாது; இல்லாமைக்கு அவை வைத்திருக்கும் இயல்பான உச்சவரம்பு அவ்வளவுதான். மறுபடி கேளுங்கள், எண் இறங்கும். நெகட்டிவ் கேஷிங் என்ற சொல்லின் முழு வரையறையும் அந்த இரண்டு திரைகளில் இருக்கிறது.

கேஷை அழிக்கும்போது எந்தக் கேஷ் என்று எழுதுங்கள். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் உங்கள் கணினியை மட்டும் துடைக்கும். பைண்டில் ஆர்என்டிசி ஃப்ளஷ்நேம் ஒரு பெயரை எடுக்கும், ஃப்ளஷ்ட்ரீ அதன் கீழுள்ளதையும் சேர்த்து எடுக்கும். அன்பவுண்டில் ஃப்ளஷ்_ஸோன், இல்லாமைகளுக்கு மட்டும் ஃப்ளஷ்_நெகட்டிவ். பல அடுக்கில் கேஷ் இருக்கும்போது ஒன்றைத் துடைத்துவிட்டு “க்ளியர் பண்ணிட்டேன்” என்று எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை.

சர்வ்-ஸ்டேல் (2020, ஆர்எஃப்சி 8767) இதோடு சேரும். அத்தாரிட்டியை எட்ட முடியாதபோது ஆயுள் முடிந்த பதிலையே ரிசால்வர் கொடுக்கலாம். அடையாளம்: டிடிஎல் 30 என்று மொட்டையாக வரும், நீட்டிக்கப்பட்ட பிழைக்குறி 3 சேர்ந்து வந்தால் உறுதி. நீங்கள் நேற்றே மாற்றிய ஏ ரெக்கார்டு இன்னும் பழையபடி வந்தால் இந்த எண்ணைத் தேடுங்கள்.

சர்வ்ஃபெயில், ரெஃப்யூஸ்ட், மௌனம்

மௌனம் ஒரு பதில் அல்ல. டைம்அவுட்டுக்குப் பதில் எண் கிடையாது. அது கேட்டவரின் முடிவு. அதனால் “டைம்அவுட் வந்தது” என்று எழுதாதீர்கள். “இத்தனை வினாடி பதில் வரவில்லை” என்று எழுதுங்கள். ரெஃப்யூஸ்ட், எண் 5, கொள்கை மறுப்பு: உங்கள் முகவரிக்கு அனுமதி இல்லை, அல்லது அந்த ஸோன் தன்னிடம் இல்லை என்கிறார். அன்பவுண்டிடம் +நோரெக்கர்ஸ் போட்டுக் கேட்டாலும் இது வரும். கேஷுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப்பார்க்க அது சாதாரண அனுமதியில் விடாது.

சர்வ்ஃபெயில், எண் 2, “முயன்றேன், முடியவில்லை”. காரணம் இரண்டு கூட்டம்: அத்தாரிட்டியை எட்ட முடியவில்லை, அல்லது டிஎன்எஸ்செக் (பதிலின் கையொப்பம்) சரிபார்ப்பு தோற்றது. பிரிக்கும் கத்தி ஒன்றே: +சிடி சேர்த்து மறுபடி கேளுங்கள். சரிபார்க்காதே என்ற கொடி அது. அதோடு பதில் வந்து, அது இல்லாமல் சர்வ்ஃபெயில் என்றால் பதில் போகஸ். +சிடி போட்டும் சர்வ்ஃபெயில் என்றால் வலையமைப்பை அல்லது அத்தாரிட்டியைப் பாருங்கள். புதிய ரிசால்வர்கள் நீட்டிக்கப்பட்ட பிழைக்குறியும் தருகின்றன: 6 போகஸ், 7 கையொப்பம் காலாவதி, 22 எட்டக்கூடிய அத்தாரிட்டி இல்லை. சர்வ்ஃபெயிலும் கேஷ் ஆகும். ஆர்எஃப்சி 9520 ஐந்து நிமிடத்தை உச்சவரம்பாக வைக்கிறது. அதனால் திருத்தியவுடன் சோதிக்கும்போது முதலில் ஃப்ளஷ் செய்யுங்கள்.

போகஸும் இன்செக்யூரும் ஒன்றல்ல. கையொப்பமே இல்லாத ஸோன், அதன் மேல் ஸோனும் அதை உறுதி செய்கிறது: இன்செக்யூர், பதில் வரும், ஏடி கொடி இராது. கையொப்பம் இருக்க வேண்டும், ஆனால் பொருந்தவில்லை: போகஸ், பதில் வராது. சரிபார்த்துத் தேறியது: செக்யூர், ஏடி 1.

எல்லாப் பெயரும் ஒரே நேரத்தில் போகஸ் ஆனால் கடிகாரத்தைப் பாருங்கள். கையொப்பத்தில் தொடக்க நேரமும் முடிவு நேரமும் இருக்கிறது. ராஸ்பெரி பை 4 போல கடிகார பேட்டரி இல்லாத பலகையில் ரிசால்வர் ஓடினால், மின்சாரம் போய் வந்ததும் நேரம் பின்னால் இருக்கும், சரிபார்ப்பு தோற்கும், நேர சர்வரின் பெயரைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது, நேரம் திருந்தாது. நேர சர்வர்களில் ஒன்றையாவது ஐபி முகவரியாக எழுதி வைத்தால் இந்தச் சுழல் அறும்.

பெரிய பதில்

பழைய யுடிபி வரம்பு 512 பைட். இடிஎன்எஸ் என்ற நீட்டிப்பின் வழியே கேட்பவர் தன் கொள்ளளவைச் சொல்லலாம். 2020-இன் டிஎன்எஸ் ஃப்ளாக் டே முதல் 1232 என்பது பரிந்துரை. அதற்கும் அடங்காவிட்டால் டிசி கொடி வரும், கேட்டவர் டிசிபியில் மறுபடி வர வேண்டும். ஃபயர்வாலில் யுடிபி 53-ஐ மட்டும் திறந்து டிசிபி 53-ஐ மூடியிருந்தால் சிறிய பெயர்கள் வரும், பெரிய டெக்ஸ்ட் ரெக்கார்டுகள் வராது. +டிசிபி போட்டு ஒருமுறை கேட்டால் தெரிந்துவிடும்.

லேம் டெலிகேஷன்: சொல்லைவிட விவரம் முக்கியம்

மேல் ஸோன் “இவர் பொறுப்பு” என்று காட்டும் சர்வர், அந்த ஸோனுக்குப் பொறுப்பேற்றுப் பதில் தராத நிலை. எதையெல்லாம் இதற்குள் அடக்குவது என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. அதனால் மூன்றில் எது என்று எழுதுங்கள்: மௌனமா, ரெஃப்யூஸ்டா, ஏஏ இல்லாத பதிலா. சோதனை: மேல் ஸோனிடம் என்எஸ் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு முகவரியிடமும் +நோரெக்கர்ஸ் போட்டு எஸ்ஓஏ கேளுங்கள். நான்கில் ஒன்று மட்டும் இப்படி இருந்தால் ரிசால்வர் அடுத்தவரிடம் போய்ச் சமாளித்துவிடும். தளம் வரும், ஆனால் சில நேரம் மெதுவாக வரும். அதனால்தான் பல மாதம் யாரும் கவனிப்பதில்லை.

தமிழ்ப் பெயர்கள்

.இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் மூன்றும் ரூட்டில் உள்ள தமிழ்ப் பெயர்கள். நாம் தட்டும் தமிழ் வடிவம் யு-லேபிள். கம்பியில் போவது எக்ஸ்என் என்று தொடங்கி இரண்டு சிறுகோடு வரும் ஏ-லேபிள். வழக்கமான பாதையில் ரிசால்வருக்குத் தமிழ் தெரியாது, ஏ-லேபிளை மட்டுமே பார்க்கிறது. 63 பைட் வரம்பும் ஏ-லேபிளுக்குத்தான்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு தட்டச்சுகள் இரண்டு ஏ-லேபிள்களாகும். ஔவை என்பதை ஔ என்ற ஒற்றை எழுத்தால் தட்டலாம். ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்துத் தட்டி ஒளவை என்றும் எழுதிவிடலாம். பல எழுத்துருக்களில் வித்தியாசம் தெரியாது. யூனிகோட் சீராக்கமும் இவற்றை ஒன்றாக்காது, ஏனென்றால் இரண்டாவது உண்மையிலேயே வேறு எழுத்துகள். பதிவகம் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தாலொழிய ஒன்று வரும், மற்றது என்எக்ஸ்டொமைன். புகாரில் பெயரைத் தமிழில் மட்டும் எழுதினால் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஏ-லேபிளையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

டிக்கிலும் ஒரு பொறி உண்டு. திரையில் தட்டும்போது அது தமிழை ஏ-லேபிளாக மாற்றிக்கொள்ளும். வெளியீட்டைப் பைப் போட்டு க்ரெப்புக்கோ கோப்புக்கோ அனுப்பினால் அந்த மாற்றத்தை இயல்பாக நிறுத்திவிடும். தமிழ் எழுத்தின் பச்சை பைட்டுகள் அப்படியே கேள்வியாகப் போகும். கேள்விப் பகுதியில் பெயர் \224\174 என்று எண்களாகத் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அப்போது வரும் என்எக்ஸ்டொமைன், நீங்கள் கேட்க நினைத்த பெயருக்கு வந்த பதில் அல்ல. ஸ்கிரிப்டில் +ஐடிஎன்இன் சேருங்கள், அல்லது ஏ-லேபிளையே கொடுங்கள்.